ஏர் போனால் வண்டி நிற்கும்

மே 5

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகளைக் கட்டிக்கொள்ளப் போகும் பையனின் அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் படிக்கட்டில் நின்று உங்களோடு சத்தம் போட்டவனும், மறுநாள் சமாதானம் பேசுகிறேன் என்று போன் செய்து இன்னும் அதிகமாகச் சத்தம் போட்டவனும் நானேதான். இனிமேல் இந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள் என்று வைத்துவிட்டீர்கள். அது நியாயம்.

பேச வேண்டாம், எழுதுங்கள் என்று சொன்னது பிள்ளைகள். வாயைத் திறந்தால் வம்பு வருகிறது, கையில் பேனா இருந்தால் ஒரு நிமிடமாவது யோசிப்பீர்கள் என்கிறான் என் மகன். உங்கள் மகளும் அதையே சொன்னாளாம். நாம் இரண்டு பேரும் சமாதானம் ஆகும்வரை கல்யாணத் தேதி குறிக்க வேண்டாம் என்று இருவருமாக முடிவு செய்திருக்கிறார்கள். படிக்கிற காலத்திலிருந்து ஒருவரை ஒருவர் விரும்பிய பிள்ளைகள். நம்மால் அது நின்றுபோனது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. என் மனைவி பேப்பரையும் பேனாவையும் எடுத்து வைத்து, எழுதி முடித்தால்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அன்று படத்தின் நடுவில் நான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. நீங்கள் அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. வில்லன் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரேக் குழாயை வெட்டுகிறான். உள்ளே நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். பஸ் நிற்காமல் ஓடுகிறது. ஹீரோ பிரேக்கைப் போட்டு மிதிமிதி என்று மிதிக்கிறார். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா, அது ஏர் பிரேக் வண்டி. உள்ளே இருக்கும் காற்றுதான் பிரேக்கைப் பிடிக்காமல் விட்டு வைத்திருக்கிறது. குழாயை வெட்டினால் காற்றுப் போய்விடும். காற்றுப் போனால் ஸ்பிரிங் விரிந்து பின் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு பத்துப் பேர் தள்ளினாலும் நகராது. அவன் வெட்டிய வெட்டுக்கு அந்தப் பஸ் நின்ற இடத்திலேயே நின்று, நாற்பது பிள்ளைகளும் இறங்கி வீட்டுக்குப் போயிருப்பார்கள். பார்க்கப் போனால் அந்த வில்லனுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

முப்பது வருஷமாக வெளியூர் பஸ் ஓட்டுகிறவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "ஏர் போனா வண்டி நிக்கும்டா, ஓடாது" என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். முன்வரிசைக்காரர்கள் சிரித்தது என் பேச்சுக்கு, உங்கள் கண்ணீருக்கு அல்ல. அதன் பிறகு அதே பஸ் உடைந்த பாலத்தைத் தாண்டிக் குதித்தபோது நான் வாயே திறக்கவில்லை. அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் மனைவி பின்னால் வந்து நின்று படித்துவிட்டு, மன்னிப்பு ஒரு வரி, பிரேக் ஒரு பக்கமா என்கிறாள். ஆகவே மறுபடியும் மன்னிக்கவும்.

தபாலில் போட்டால் எப்போது வருமோ தெரியாது. உங்கள் ஊருக்கு வரும் காலை வண்டியின் கண்டக்டர் என் சிநேகிதன். நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில்தான் அந்த வண்டி நிற்கும். அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பையனின் அப்பா


மே 9

ஐயா,

கடிதம் கிடைத்தது. உறை ஒட்டப்படாமல் கிடைத்தது. உங்கள் சிநேகிதர் அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல் படியிலேயே நின்று, "அண்ணன் சொல்றது சரிதாம்மா, ஏர் போனா வண்டி நிக்கும்" என்றார். ஜன்னலோரம் இருந்த பயணிகள் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நம் வீட்டு விஷயம் இப்போது ஒரு பஸ் முழுக்கத் தெரியும். அடுத்த தடவை பசை தடவுங்கள்.

நான் ஏன் அழுதேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீரோ போனில் தன் அம்மாவிடம், ஒன்றும் இல்லை, சாப்பாடு எடுத்து வை, வந்துவிடுகிறேன் என்று சொல்கிறான். என் மகள் தினமும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துக் கிளம்பும்போது எனக்குப் போன் செய்து அதே வார்த்தையைத்தான் சொல்வாள். இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் போன் வேறு ஒரு வீட்டுக்குப் போகும் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள் கெக்கெக்கே என்று சிரித்தீர்கள். இந்த மனிதர் வீட்டுக்கா என் பெண்ணை அனுப்பப் போகிறேன் என்று தோன்றியது. தோன்றியதைப் படிக்கட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு. தோன்றியது தப்பில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதே படத்தில் கடைசியில் கதாநாயகி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். மானிட்டரில் நேர்கோடு ஓடுகிறது. டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைத் தேய்ப்பது போலத் தேய்த்து அவள் நெஞ்சில் ஷாக் வைக்கிறார். ஐயா, நேர்கோட்டுக்கு யாரும் ஷாக் கொடுக்க மாட்டார்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால்தான் ஷாக். துடிப்பே இல்லாவிட்டால் கையால் நெஞ்சை அழுத்த வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும். அந்த டாக்டர் ஒன்றும் செய்யாமல் வெளியே போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பிறகு ஹீரோவின் கண்ணீர் ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுகிறது, கோடு துள்ளுகிறது. எங்கள் வார்டில் அந்த மருந்து ஸ்டாக் இல்லை.

கூட ஒரு நர்ஸ் நிற்கிறாள். குதிகால் உயர்ந்த செருப்பு. படம் முழுக்க அவளுக்கு ஒரே ஒரு வசனம், "டாக்டர்!" என்று கத்துவது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் அப்படிக் கத்தினதில்லை. கத்தினால் எந்த டாக்டரும் வரமாட்டார்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நான் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். திரும்பினால் பக்கத்தில் நீங்கள் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தீர்கள். என் அழுகைக்கு நீங்கள் சிரித்தீர்கள், உங்கள் அழுகைக்கு நான் சிரிக்கவில்லை. மன்னிப்பு யார் கேட்க வேண்டும் என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


மே 16

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படியானால் அந்தப் பெண் பிழைத்திருக்க மாட்டாளா? இது ஒன்றை மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

டிப்போவில் எல்லாரிடமும் அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். பஸ் காட்சியில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக் காட்சியில் திறந்துகொள்ளுங்கள் என்று நானே நாலைந்து டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கு மட்டும் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இஸ்திரிப் பெட்டிதான் தெரிந்தது. நல்லா இருந்த படத்தைக் கெடுத்துவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னபடி என் மனைவியிடம் கேட்டேன். என்னைப் பார்த்து, "நீங்கதான்" என்றாள். ஆகவே இந்தத் தடவை பிரேக் பற்றி ஒன்றும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மகளின் போனைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். நடுவில் நான் கூப்பிட்டால் கட் செய்துவிட்டு எனக்கு அப்புறம் பேசட்டும்.

இந்த வாரம் வேறு ஒரு பெரிய படம் வந்திருக்கிறது. விமானம் ஓட்டுகிறவர் நடுவானில் மயங்கிவிடுகிறார். ஹீரோ அதுவரை விமானத்தில் ஏறினதுகூட இல்லை, போனில் ஒருவர் சொல்லச் சொல்ல ஓட்டுகிறார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. கடைசியில் நெடுஞ்சாலையில் இறக்குகிறார்கள், அங்கே ரோட்டு நடுவில் தடுப்புச் சுவரைக் காணோம், ஒரு லாரி கூட எதிரே வரவில்லை. அது மட்டும்தான் பொய். மற்றபடி விமானம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

என் மனைவிக்குத்தான் படம் பிடிக்கவில்லை. விமானத்தில் ஏறும்போது ஹீரோவின் சட்டையில் மேல் பொத்தான் அறுந்திருந்ததாம், நடுவானில் அது தானாக முளைத்துவிட்டதாம். நூறு பேர் சாகக் கிடக்கும்போது இவள் என் காதில், "அந்தப் பொத்தானை யார் தைச்சது?" என்கிறாள். உங்கள் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உறையைப் பசையோடு ஸ்டேப்ளரும் அடித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பையனின் அப்பா


மே 22

ஐயா அவர்களுக்கு,

பிழைத்திருப்பாள். உங்களுக்காகச் சும்மா சொல்லவில்லை. நேர்கோடு ஓடிய பிறகும் நெஞ்சை விடாமல் அழுத்தி, மருந்து ஏற்றி, கோடு மெல்ல எழும்பியதை நானே பார்த்திருக்கிறேன். அடிக்கடி நடக்காது. நடந்த அன்று யாரும் கத்த மாட்டோம், கண்ணீர் சொட்டாது. அழுத்தினவர் தரையில் உட்கார்ந்துவிடுவார், இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்து தருவார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணையும் யாரோ அப்படி அழுத்திக் காப்பாற்றினார்கள், படம் எடுத்தவர் காட்ட மறந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு மறுபடியும் அழுங்கள்.

விமானப் படத்தை நாங்களும் பார்த்தோம். நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், மயங்கிக் கிடந்தவரை யாரும் ஒருக்களித்துப் படுக்க வைக்கவில்லை என்ற கவலை ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலைப்பு போட்டதும் தூங்கிவிட்டார். உங்களுக்குத்தான் தெரியுமே, அன்று அந்தப் பஸ் பாலம் தாண்டியதுகூட அவருக்குத் தெரியாது. குடிநீர் அலுவலகத்தில் குழாய்ப் பிரிவில் வேலை. ஊரில் எங்கே குழாய் உடைந்தாலும் எந்த வேளையானாலும் எழுந்து போகிறவர், குளிர்ந்த காற்றும் இருட்டும் கிடைத்தால் விடுவாரா? ஹீரோ சாக்கடைக் குழாய்க்குள் தவழ்ந்து விமான நிலையத்துக்குள் போகும் காட்சியில் மட்டும் எப்படியோ கண் திறந்தது. "எந்த ஊர்ல சாக்கடைக் குழாய்க்குள்ள லைட் போட்டு வெச்சிருக்கான்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டார். எனக்கு அன்று சிரிப்பு வந்தது. உங்கள் ஞாபகமும் வந்தது.

நம் நாலு பேரையும் ஒரு படத்துக்கு அனுப்பினால் அந்தப் படத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று நினைக்கிறேன். அவரவர் வேலையில் அவரவர் ஏமாற மாட்டோம், மற்றதில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவோம்.

போன் விஷயத்தில் நீங்கள் எழுதியதை மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு உடனே மடித்துக் கொடுத்துவிட்டாள். கூச்சமாக இருக்கும்.

நான் படிக்கட்டில் சொன்னதையும் மன்னித்துவிடுங்கள். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


ஜூன் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உரிமையோடு இப்படி எழுதுகிறேன். தப்பாக நினைக்க மாட்டீர்கள் என்று ஒரு தைரியம்.

உங்கள் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று எல்லாரிடமும் அறிவித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போன வேகத்தில் மகனிடம், "சண்டை முடிஞ்சுதுடா, தேதி பார்க்கலாம்" என்றேன். சந்தோஷத்தில் குதிப்பான் என்று நினைத்தேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, கடிதத்தில் சமாதானம் ஆவது பெரிதில்லை, இரண்டு பேரும் ஒரு படத்துக்குச் சேர்ந்து போய்ச் சண்டையில்லாமல் திரும்பி வந்தால்தான் நம்புவேன் என்றான். என்னைப் போலவே எதையும் ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவான். பெருமையாகத்தான் இருந்தது.

ஆகவே போகலாம். உங்கள் ஊருக்கே வருகிறோம். ஆம்புலன்ஸ் படம் ஒன்று வந்திருக்கிறது. ஹீரோ ஆம்புலன்ஸ் டிரைவர். வண்டியும் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது, நம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பரீட்சை. நான் வாயில் பாப்கார்னை அடைத்துக்கொண்டு உட்காருகிறேன். காலண்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன், படம் முடிந்த கையோடு தேதி குறித்துவிடலாம்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். போன தடவை போல ஆறு பேருக்கும் ஒரே வரிசை. நான் உங்கள் பக்கத்து இருக்கையில்தான் உட்காரப் போகிறேன், கைப்பையில் ஒரு பஞ்சுச் சுருளும் கொண்டு வருகிறேன். பாப்கார்ன் தீர்ந்துவிட்டால் அது உதவும்.

மகளிடமும் சொன்னேன். வரப்போகும் மழைக்காலம் போகட்டுமே, அவசரம் என்ன என்றாள். வார்டுக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் பார்க்கலாம், பார்க்கலாம் என்பார்களே, அந்தக் குரலில் சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்து வேலை கூடிப்போயிருக்கிறது, அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெண்ணைப் பெற்றவள் அவசரப்பட்டால் நன்றாக இருக்காது. காலண்டரை நீங்கள் எடுங்கள், நான் வேண்டா வெறுப்பாகப் பார்ப்பது போலப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், பொத்தான் யார் தைத்தார்கள் என்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா


ஜூன் 24

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

நாம் பரீட்சையில் பாஸாகிவிட்டோம் அம்மா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஹீரோ ஓடுகிற ஆம்புலன்ஸில் ஸ்டியரிங்கைப் பெல்ட்டால் கட்டி வைத்துவிட்டு, பின்னால் ஏறிப் போய் நோயாளிக்கு ஆபரேஷன் செய்தாரே, அப்போது என் பாப்கார்னும் உங்கள் பஞ்சும் ஒரே நேரத்தில் பறந்தன. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உங்கள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, குழாய் எங்கே உடைந்தது என்று கேட்டார். என் மனைவி அழும் அளவுக்குச் சிரித்தாள். இந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்ய நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். அதே நினைப்போடு வெளியே வந்து, டீக்கடைப் பலகையில் காலண்டரை விரித்தேன். விரித்திருக்கக் கூடாது.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதும், உங்கள் மகள் எழுந்து நின்று, எங்களுக்குக் கல்யாணம் வேண்டாம், மன்னித்துவிடுங்கள் என்றதும் நீங்களும் பார்த்ததுதான். திரும்பி வரும் பஸ்ஸில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. முழு வழியும் மகனிடம் நான் பேசவில்லை. இறங்கப் போகும்போது பொறுக்க முடியாமல், உங்களுக்குள் என்னடா சண்டை என்று கேட்டேன். "சண்டையெல்லாம் இல்லப்பா. சண்டை போடற அளவுக்குக்கூட எங்களுக்குள்ள ஒண்ணும் மிச்சமில்லை" என்றான். ஒரு வருஷமாகவே இப்படித்தானாம். யார் முதலில் சொல்வது என்று இரண்டு பேருக்கும் பயமாம். அந்த நேரத்தில் நாம் தியேட்டரில் சண்டை போட்டுக்கொண்டது அவர்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டதாம். கடிதம் எழுதச் சொன்னதே நாள் கடத்தத்தானாம். நாம் உண்மையிலேயே சமாதானம் ஆகித் தொலைப்போம் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. உங்கள் மகள் வருவாள் என்று மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். நேற்று அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு யோசனை. நாம் மறுபடியும் சண்டை போட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டால் என்ன? பழையபடி தேதி தள்ளிப் போகும், கல்யாணம் நின்றது என்று ஆகாது. தள்ளிப் போகப் போக மனம் மாறலாம் அல்லவா? நீங்கள் சம்மதித்தால் நாளைக்கே போனில் உங்களைத் திட்டுகிறேன். என்ன திட்ட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
(என்ன போடுவது என்று தெரியவில்லை)


ஜூலை 4

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

வேண்டாம். தள்ளிப் போடுவது கல்யாணம் ஆகாது. உங்கள் மாடி அறையில் என் மகள் மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு அது வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

நானும் முதல் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நல்ல பையன்தான் அம்மா, அதனால்தான் சொல்ல முடியவில்லை என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு படத்தில் மானிட்டரில் கோடு தப்பாக ஓடினால் கண்டுபிடிக்கிறவள் நான். நீங்கள் காற்றுக் குழாயைக் கண்டுபிடித்தீர்கள், உங்கள் வீட்டம்மா பொத்தானைக் கண்டுபிடித்தார். இரண்டு படத்துக்கும் நம் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வரிசையில் அந்தக் கோடியில் உங்கள் மகன், இந்தக் கோடியில் என் மகள், நடுவில் நாம் நாலு பேர். விரும்பிக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இரண்டு பேர் எந்தத் தியேட்டரில் அப்படி உட்காருவார்கள்? அது நமக்குத் தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் சிரித்ததால்தான் நின்றது என்று உங்கள் மனதில் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். அப்படி இல்லை. நீங்கள் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால் அவர்கள் வாயைத் திறக்காமலே கல்யாணம் நடந்திருக்கும்.

இன்னொரு விஷயம். இனிமேல் நமக்குள் கடிதப் போக்குவரத்து இருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடமாக இருக்கும், விட்டுவிடுங்கள் என்று மகள் கேட்டுக்கொண்டாள். உங்கள் மகனும் அதையே சொல்லியிருப்பான். நியாயம்தான் என்று நானும் சரி என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு, போன வாரம் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் ஒரு படத்துக்குப் போனோம். மலைப் பாதையில் லாரியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு ஹீரோ தப்பிக்கிறான். தியேட்டரே கைதட்டுகிறது. நான் பக்கத்தில் திரும்பினேன், நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்க. யாரோ ஒரு ஆள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே, "டிரைவர் வரலையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண்ணுக்கு ஒரு நல்ல வீடு போனது என்று அழுதேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அந்த வீடு எனக்கும் வேண்டியிருக்கிறது.

லாரி அப்படிப் போகுமா, போகாதா? வரும் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நாலு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நேரில் வந்து சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், நம் உறவை அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் கேட்டால் என் சித்தி மகளைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா


ஜூலை 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இந்த வார்த்தையை நானும் மாற்றப் போவதில்லை. வேறு என்ன போடலாம் என்று நானும் என் மனைவியும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். அம்மா என்றால் யாரோ மாதிரி இருக்கிறது. அக்கா என்றால் நீங்கள் என்னைவிட இளையவர். நர்ஸம்மா என்று கூப்பிட்டால் எனக்கு உடம்பு சரியில்லாதது போலத் தோன்றுகிறது. சம்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது அவர்களுக்கு. நம்மை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். கண்டக்டரும் படத்துக்கு வருகிறேன் என்று அடம் பிடிக்கிறான், வண்டியை யார் திருப்பி எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டு அடக்கி வைத்திருக்கிறேன். லாரி விஷயத்தில் படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. கூடவே ஒரு நல்ல டார்ச்சும் கொண்டு வருகிறேன், உங்கள் வீட்டுக்காரரை எழுப்ப.

வீட்டில் என்ன சொல்வது என்று எங்களுக்கும் பெரிய யோசனையாகப் போய்விட்டது. கடைசியில் என் மனைவி, உங்கள் ஊர் பல் டாக்டரிடம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப் போகிறோம் என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அதற்காக நான் இரண்டு நாளாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். இன்று காலையில் மறந்துபோய் அடுத்த பக்கக் கன்னத்தைப் பிடித்துவிட்டேன். மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "எந்தப் பல்லுப்பா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, இரண்டு பக்கமும்தான் என்றாள். அவன் எழுந்தான். தட்டைக் கழுவி வைத்தான், பையை எடுத்தான், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"பல் டாக்டரம்மாவை நான் கேட்டேன்னு சொல்லுங்கப்பா."

இப்படிக்கு,
சம்பந்தி